ஷார்ஜாவில் நலமாக இருந்த முழங்கால்

என் மனைவியின் வலது முழங்கால் நலமாக இருக்கிறது என்று தஞ்சாவூர் மருத்துவமனை ஒன்றுக்குத் தெரிவித்தவன் ஷார்ஜாவில் இருந்த எங்கள் மகன். என் மனைவி பூதலூரில் இருந்தாள். முழங்காலும் அவளோடு பூதலூரில்தான் இருந்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குறுவை, சம்பா, தாளடி என்று ஒவ்வொரு போகத்திலும் வயலில் இறங்கி மகசூலை அளப்பது என் வேலை. எந்த ஊர், எந்த சர்வே எண் என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் மேலிடத்திலிருந்து வரும். நமக்குப் பிடித்த வயலை எடுத்துக்கொள்ள முடியாது. அந்த வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, நான்கு மூலையிலும் முளை அடித்து, கயிறு கட்டி, உள்ளே நிற்கிற கதிரை மட்டும் அறுத்து, அங்கேயே அடித்துத் தூற்றி, நிறுத்து எழுத வேண்டும். மன்னார்குடிப் பக்கம் சேற்றில் முழங்கால்வரை புதைந்துகொண்டு தராசைத் தலைக்குமேல் தூக்கிப் போயிருக்கிறேன்.

அந்த வேலையில் முதல் விதி, வயல்காரரிடம் விளைச்சல் எவ்வளவு என்று கேட்கக் கூடாது என்பது. கேட்டால் சொல்வார். கூட்டுறவு சொசைட்டியிலிருந்து கடன் வசூலிக்க வந்தவர் கேட்டால் ஒரு விளைச்சல், பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டால் இன்னொரு விளைச்சல். சென்னையில் குடியிருக்கும் நிலச் சொந்தக்காரரைக் கேட்டால் இன்னும் மோசம். குத்தகைக்காரர் போனில் சொன்னதை அவர் நமக்குச் சொல்வார். இரண்டாவது விதி, வெள்ளத்தில் மூழ்கிய வயலைக் கணக்கிலிருந்து எடுக்கக் கூடாது. அதையும் போய்ப் பார்த்து, மகசூல் பூஜ்யம் என்று எழுத வேண்டும். மூழ்கியதையெல்லாம் எடுத்துவிட்டால் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒவ்வொரு வருஷமும் அமோக விளைச்சல்தான்.

நெல்லுக்கு இந்த நாடு காட்டிய அந்த மரியாதையை முழங்காலுக்கு யாரும் காட்டவில்லை.

செல்போன் பெரிய மனிதர்கள் கையிலிருந்து எல்லோர் கைக்கும் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பையன்கள் துபாய், ஷார்ஜா, மஸ்கட் என்று போயிருந்தார்கள். என் மகனும் பாலிடெக்னிக் முடித்து, ஷார்ஜாவில் குளிர்சாதனம் பொருத்தும் கம்பெனி ஒன்றில் இருந்தான். மூட்டு மாற்று ஆபரேஷனுக்குச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, தஞ்சாவூரிலேயே செய்துகொள்ளலாம் என்று ஆனதும் அப்போதுதான். என் மனைவிக்கு வலது முட்டி தேய்ந்து, நடக்கும்போது உடம்பே ஒரு பக்கம் சாயும். மகன் பணம் அனுப்பினான். மருத்துவமனையில் சேர்க்கும்போது செல்போன் எண் கேட்டார்கள். எங்கள் வீட்டில் தரைவழி போன்தான். அது மழை பெய்தால் செத்துப்போகும். "பணம் கட்டுறவங்க நம்பர் குடுங்க சார், போதும்" என்றார் கவுண்டரில் இருந்தவர். அப்படித்தான் அந்த ஷார்ஜா எண் உள்ளே நுழைந்தது.

முதல் எட்டு மாதம் நான் குறை சொல்ல மாட்டேன். சாய்ந்து நடந்தவள் நிமிர்ந்து நடந்தாள். ரயில் நிலையத்துக்கு என்னை முந்திக்கொண்டு போய் நின்றாள். அதற்குப் பிறகு முட்டி சூடாக இருக்கத் தொடங்கியது. தொட்டால் இடது முட்டி ஆறிய சோறு மாதிரியும் வலது முட்டி அப்போதுதான் இறக்கிய சோறு மாதிரியும் இருக்கும். ஏன் என்று கேட்டால் வெயில் என்பாள். கார்த்திகை மாதம், வாய்க்கால் நிரம்பி ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது, வெயிலாம்.

வெள்ளிக்கிழமை ஷார்ஜாவில் விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டு மகன் பேசுவான். அவள் ஓட்டமும் நடையுமாகப் போய் ரிசீவரை எடுப்பாள். "எனக்கென்னடா, நல்லா இருக்கேன். நீ சாப்டியா?" இதைத்தான் வாராவாரம் சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் பேசி முடித்ததும் ரிசீவரை நான் வாங்கினேன்.

"ஆஸ்பத்திரிலேருந்து மிஸ்டு கால் குடுத்திருந்தாங்கப்பா. நானே திருப்பிக் கூப்ட்டேன்" என்றான் மகன். "அம்மா காலுக்கு ஒரு வருஷம் ஆவுதாம். வரிசையா கேள்வி கேட்டாங்க."

"உன்னையா கேட்டாங்க?"

"என் நம்பர்தானப்பா குடுத்திருக்கு."

"என்னடா சொன்னே?"

"நல்லா இருக்காங்கன்னேன். அம்மாதான் சொல்றாங்கள்ல."

"என்னென்ன கேட்டாங்க?"

"கடைக்குப் போயி சாமான் வாங்க முடியுதா, கார்ல ஏறி எறங்க செரமம் இருக்கா, இப்படி. செரமமே இல்லன்னுட்டேன்."

"நம்மகிட்ட ஏதுடா காரு?"

"அதனாலதான்பா செரமமே இல்லன்னேன்."

கேள்வி அவர்களுடையது, ஐ.எஸ்.டி. காசு எங்களுடையது, பதில் என் மகனுடையது, வலி என் மனைவியுடையது. ஒரு முழங்காலை இப்படி நான்கு பங்காகப் பிரித்திருந்தார்கள்.

அடுத்த வாரமே அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். ஆபரேஷன் செய்த பெரிய டாக்டரைப் பார்க்க மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனதும் அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கையைக் கூப்பிவிட்டாள்.

"நல்லா இருக்கேங்க. உங்க கையாலதான் எந்திரிச்சு நடமாடுறேன். நீங்க சாப்ட்டீங்களா?"

"டாக்டர், இவ சொல்றத எழுதாதீங்க. முட்டி சுடுது. தொட்டுப் பாருங்க" என்றேன்.

"சார், அவங்களே நல்லா இருக்கேங்கறாங்க. எக்ஸ்ரே அழகா இருக்கு. ஒரு வருஷ விசாரிப்புலயும் மிக நன்றுன்னு வந்திருக்கு" என்று திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "கொஞ்சம் வலி இருக்கத்தான் செய்யும். மாத்திரை எழுதறேன்." கை அழைப்பு மணிக்குப் போய்விட்டது.

திரும்பி வரும்போது தஞ்சாவூர் நடைமேடையில் வைத்தே அவளிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"மொகத்தப் பாத்து எப்படிங்க சொல்றது, நீங்க செஞ்சது சரியில்லன்னு? விருந்துக்குப் போன எடத்துல கொழம்பு உப்புன்னு சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"நீங்க சொல்லுவீங்க. அதனாலதான் ஒங்கள யாரும் கூப்புடறதில்ல."

"சரி, பையன்கிட்டயாவது சொல்லலாம்ல?"

"சொன்னா அன்னிக்கே லீவு கேப்பான். அவன் கூட இருந்தவன் அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஊருக்கு வந்துட்டுப் போறதுக்குள்ள அவன் எடத்துல வேற ஆளு உக்காந்திருந்தானாம்ல? நம்ம பையன் வேலையும் போவட்டும்ங்கறீங்களா?"

"அப்ப ஒன் காலு போவட்டுமா?"

"அது என் காலு. நான் பாத்துக்கறேன்."

பொங்கல் கழிந்து, அவளால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. வலி உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் வரத் தொடங்கியது. மாத்திரை தின்றதில் வயிறுதான் எரிந்தது. மறுபடியும் போனோம்.

இந்தத் தடவை எங்களை உட்கார வைத்த பெஞ்சுக்கு எதிரே சுவரில் ஒரு பெரிய பலகை மாட்டியிருந்தார்கள். மூட்டு மாற்று ஆராய்ச்சி முடிவுகள் என்று தலைப்பு. பச்சை நிறத்தில் ஒரு பட்டை பலகையின் உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதன் கீழே 'மிக நன்று'. பக்கத்தில் மற்றப் பட்டைகள் புல் முளைத்த மாதிரி. பச்சைப் பட்டைக்கு மேல் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் போட்டிருந்தது. அந்த எண்ணை இங்கே எழுதி அதற்கு இன்னொரு தடவை விளம்பரம் தேடித்தர மாட்டேன். பலகையின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் படித்தேன். தொடர்புகொள்ள இயலாதவர்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. மூழ்கிய வயலை எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

பெஞ்சில் ஆறு பேர், எல்லோரும் பெண்கள், எல்லோரும் அங்கேயே முட்டி மாற்றிக்கொண்டவர்கள். என் மனைவிக்கு அடுத்து அதிராம்பட்டினத்தில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்து அம்மா. முக்காடும் கையில் ஒரு பனை விசிறியுமாக இருந்தார். நான் தூணில் சாய்ந்து நின்றேன். டாக்டர் அறைக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. ஒவ்வொருவராக உள்ளே போகப் போக, "நல்லா இருக்கேங்க" என்ற சொல் மட்டும் வெளியே வந்துகொண்டிருந்தது. போன மூன்று பேரும் அதையே சொன்னார்கள். வெளியே வந்து செருப்பைக் காலில் மாட்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு முனகியவர்களும் அவர்கள்தான்.

"ஒங்களுக்கு எப்படிக்கா இருக்கு?" என்று அதிராம்பட்டினத்து அம்மா என் மனைவியைக் கேட்டார்.

"அத ஏம்மா கேக்கறீங்க? உள்ள அடுப்பு மூட்டி வச்ச மாதிரி இருக்கு. ராத்திரில பொடவை மேல பட்டாக்கூட தாங்கல. தூக்கிப் போட்டுட்டு உக்காந்திருப்பேன், விடியறவரைக்கும்."

புடவை பட்டால் தாங்கவில்லை என்பது எனக்கே அன்றுதான் தெரியும். ஒரே அறையில் படுத்திருக்கிறேன்.

"எனக்கு எரிச்சல் இல்லக்கா. திரும்புனா கழண்டுட்டு வந்துர்ற மாதிரி இருக்கு. தொழுகைய நாக்காலில உக்காந்துதான் தொழுவுறேன். அது பரவால்ல, அல்லா ஏத்துக்குவான். கடையில படி எறங்கறப்பதான் உசுரு போவுது."

"மகன்கிட்ட சொன்னீங்களா?"

"சவுதில இருக்கான். அவன்கிட்டப் போயி என்னத்த சொல்றது?"

என் மனைவி தலையை ஆட்டினாள். அந்தப் பதில் அவளுக்கு முழுவதும் நியாயமாகப்பட்டது.

அந்த நேரத்தில் ஓர் இளம் டாக்டர், பெண், கையில் கோப்புகளோடு போனார். ஆராய்ச்சிக்காரர் அவர்தான் என்று கவுண்டரில் விசாரித்து வைத்திருந்தேன். குறுக்கே போய் நின்றேன்.

"இந்தப் பலகைக் கணக்கு நீங்க போட்டதாம்மா?"

"ஆமா சார். என் ஆராய்ச்சிதான். ஏன் சார்?"

"இதுல எம் பொண்டாட்டி எந்தப் பட்டைல இருக்காங்க?"

பெயரைக் கேட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்து வந்தார். "பச்சைல சார். மிக நன்று."

"அது ஷார்ஜாவுல எடுத்த கணக்கும்மா. காலு இங்க இருக்கு." வயல், கயிறு, முளை, தராசு என்று நான் ஆரம்பித்துவிட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கவுண்டரில் இருந்தவர் எழுந்து பார்த்தார். அந்தப் பெண் முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

"சார், உங்க வயலுக்கு வாய் கெடையாது. அறுத்தா இருக்கறது தெரிஞ்சிரும். எங்கிட்ட வர்றவங்களுக்கு வாய் இருக்கு. நேர்ல கேட்டாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்றாங்க. போன தடவ உங்க வீட்டம்மா பெரிய டாக்டர்கிட்ட என்ன சொன்னாங்க? நான் அந்த ரூம்லதான் நின்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது.

"உள்ள கேட்டா அப்படித்தான் சொல்லுவாங்க. இந்தப் பெஞ்சுல வந்து உக்காந்து கேளுங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவிக்கும் அதிராம்பட்டினத்து அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா, கால் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா" என்றாள் என் மனைவி. "நீ சாப்டியா?"

எனக்குப் பலகையைக் கழற்றி என் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அதிராம்பட்டினத்து அம்மா விசிறியை மடியில் போட்டார்.

"பொய் சொல்றாங்க டாக்டரம்மா. இப்பதான் எங்கிட்ட சொன்னாங்க. ராத்திரி பொடவை பட்டா தாங்கலையாம். விடியவிடிய முழிச்சு உக்காந்திருக்காங்களாம்."

"ஏம்மா, நம்பிச் சொன்னா இப்படியா?" என்று திரும்பினாள் என் மனைவி. "இவங்க மட்டும் என்னவாம்? முட்டி கழண்டு போவுதாம், கடைல படி எறங்க முடியலயாம். கேளுங்க அவங்கள."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"சொல்லலன்னு அல்லா மேல சொல்லுங்க பாப்போம்."

அதிராம்பட்டினத்து அம்மா விசிறியால் என் மனைவியின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தார். இளம் டாக்டர் சிரிக்கவில்லை. என் மனைவியின் முட்டியில் புடவைக்கு மேலாகவே கையை வைத்தார். எடுத்துவிட்டு, இன்னொரு முட்டியில் வைத்தார். மறுபடியும் முதல் முட்டிக்கு வந்தார். அதற்குமேல் யாரையும் எதையும் கேட்கவில்லை. எழுந்து, நர்ஸைக் கூப்பிட்டு, இரத்தம் எடுக்கச் சொன்னார். அன்று மாலையே ஊசி போட்டு முட்டிக்குள்ளிருந்து நீர் எடுத்தார்கள். தெளிவாக இருக்க வேண்டிய நீர் கலங்கலாக இருந்தது. நான்கு நாள் கழித்து, மூட்டுக்குள் கிருமி இருக்கிறது, வைத்ததை எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

"இது எல்லா ஊர்லயும் சில பேருக்கு வர்றதுதான் சார். லண்டன்லயும் வரும்" என்றார் பெரிய டாக்டர். அவர் குரலில் குற்ற உணர்ச்சியும் இல்லை, அகம்பாவமும் இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"வரட்டும் டாக்டர். வந்தத எழுதி வைக்கணும்ல? போன வருஷம் எத்தன பேருக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே இந்த வருஷம் கொறஞ்சுதா கூடுச்சான்னு தெரியும்?"

"உங்களுக்கு நல்லது நடக்கணுமா, கணக்கு நடக்கணுமா?" என்று கேட்டார். இந்த இரண்டும் வேறு வேறு என்று நினைக்கும் ஒருவரிடம் என் மனைவியை மறுபடியும் படுக்க வைக்க வேண்டியிருந்தது. அவருடைய கை நல்ல கை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் இன்றுவரை அதை மறுக்கவில்லை.

முதலில் வைத்த மூட்டை எடுத்துவிட்டு, மருந்து கலந்த சிமெண்டை வைத்து, கால் மடங்காதபடி வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதத்துக்குமேல் அப்படியே கிடந்தாள். பிறகு புதிய மூட்டு. மகனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவன் என்மேல்தான் பாய்ந்தான்.

"என்னையப் போயி பொய் சொல்ல வச்சிருக்கீங்களே. நான் அங்கேருந்து எப்படிப்பா பாக்கறது?"

"அதைத்தான்டா நான் எல்லாரையும் கேக்கறேன்" என்றேன். லீவு போட்டு வந்தான். வேலை போகவில்லை. அவள் பயந்ததில் அது ஒன்றுதான் நடக்காமல் போனது.

புதிய மூட்டு வைத்து வீட்டுக்குக் கிளம்பும் நாளில் இளம் டாக்டரைத் தேடிப் போனேன். நன்றி சொன்னேன். அதோடு, பச்சைப் பட்டையிலிருந்து என் மனைவியை எடுத்துவிடும்படி கேட்டேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்த வருஷக் கணக்கு முடிச்சு அனுப்பியாச்சு சார். அதுல ஒரு வருஷத்துல என்ன பதில் வந்துச்சோ அதுதான். இப்ப செஞ்சது வேற ஆபரேஷன், அது வேற தலைப்புல வரும்."

"அதுல நல்லாயிட்டா?"

"அதுலயும் நன்றுன்னு வரும்."

ஒரே முழங்கால், இரண்டு வெற்றி. நடுவில் அவள் சிமெண்டு வைத்த காலோடு கிடந்த நாட்கள் எந்தத் தலைப்பிலும் வராது. இப்படி எத்தனை முழங்கால்கள் அந்தப் பட்டைக்குள் நின்றுகொண்டிருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. பெஞ்சில் இருந்த ஆறு பேரை வைத்து ஊர்க்கணக்குப் போடக் கூடாது என்பது தெரிந்தவன் நான். ஆனால் ஷார்ஜாவை வைத்துப் போடலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் படித்தவர்கள். அதனால்தான் வயிறு எரிகிறது.

"வீட்டு நம்பர வாங்கிக்கிட்டேன் சார், இனிமே பேஷண்டயே கேக்கச் சொல்லியிருக்கேன்" என்றார் அந்தப் பெண், நான் எழுந்தபோது. கொஞ்ச நாளில் அவரும் மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஒரு வருஷம் கழித்து வீட்டுப் போன் அடித்தது. மழை இல்லாத நாள், நல்ல வேளை. என் மனைவி எடுத்தாள். மருத்துவமனை என்றதும் அவள் கை தானாக முந்தானையைச் சரிசெய்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அந்தப் பக்கம் பேசிய பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா..." என்று ஆரம்பித்தாள். என்னைப் பார்த்தாள். ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நல்லாத்தாம்மா இருக்கேன். ஆனா பாதிதான். நடக்கறேன். எரிச்சல் இல்ல. கீழ உக்கார முடியல. மழை வந்தா குத்துது."

"கார்ல ஏறி எறங்க சிரமம் இருக்காம்மா?"

"எங்ககிட்ட காரு இல்ல. வேற கேளு."

"வேற என்னம்மா கேக்கறது?"

"கொல்லைப்பக்கம் போயி குந்தி எந்திரிக்க முடியுதான்னு கேளு. வரப்புல எறங்கி ஏற முடியுதான்னு கேளு. சாமி முன்னாடி விழுந்து கும்புட முடியுதான்னு கேளு. எதுவும் முடியல. அதயெல்லாம் எழுதிக்க."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"அதுக்கெல்லாம் இதுல எடம் இல்லம்மா."

"அப்ப ஓரத்துல எழுது" என்றாள் என் மனைவி. "நான் இருக்கேன், மெதுவா எழுது."